பின்சக்கரம் ஏன் ஆடுகிறது?

செயல்முறை விளக்கக் கட்டுரைக்கு மாதிரி வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தேநீர் கலக்குவதையே எத்தனை ஆண்டு எழுதுவது? இம்முறை ரிமோட்டில் ஓடும் பக்கி கார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அண்ணன் மகன் படிவம் ஐந்து. விடுமுறைக்குக் கிள்ளான் வந்தபோது தன் பக்கியையும் கொண்டுவந்தான். திடலில் வேகத்தைக் கூட்டினால் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். “டயர் போச்சு அத்தை, புதுசு வாங்கணும்” என்றான். சேமித்த காசு அத்தனையும் டயருக்கே போயிருக்கும்.

வாங்குவதற்கு முன் சோதியுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் முதலில் நட்டை இறுக்குங்கள். பிறகும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை, அதாவது ஆர்ம், அடிப்பக்கத்தோடு சேர்ந்து ஆடினால் கோளாறு வேறு. ஆர்மைச் சட்டத்தோடு இணைக்கும் இரும்பு ஊசி மண்ணில் உராய்ந்து உராய்ந்து, வட்டமான துளையை நீள்வட்டமாக்கியிருக்கும். பெரும்பாலான பக்கிகளில் பின்சக்கரங்களின் முன்விளிம்பு சற்றே உள்நோக்கி இருக்கும். வண்டி நேராகப் போக அது உதவும். துளை பெருத்தால் அந்தக் கோணம் நிலைக்காது. அவன் வண்டிக்கு அதுதான் நோய்.

(1984-இல் வந்த தமியா ஹார்னெட் வைத்திருப்பவர்கள் தேட வேண்டாம். அதில் பின்பக்க கியர்பாக்ஸும் அச்சும் ஒரே கூறு. தனித்தனி ஆர்ம் கிடையாது.)

சக்கரத்தையும் டேம்பரின் கீழ்த் திருகையும் கழற்றுங்கள். ஊசி முனையில் குட்டி வளையம் இருக்கும். துணியால் மூடிக்கொண்டு நெம்புங்கள், பறந்தால் கிடைக்காது. நாங்கள் ஒன்றைச் சோபாவுக்கு அடியில் அரை மணி நேரம் தேடினோம். கழற்றிய ஊசியைக் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். தடுக்கித் தடுக்கி உருண்டால் வளைந்திருக்கிறது. ஆர்மை மட்டும் மாற்றிப் பழைய ஊசியையே போட்டால் புதுத் துளையும் சீக்கிரம் கெடும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

டேம்பரை மாட்டுவதற்கு முன் ஆர்மைத் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே விழ வேண்டும். பழைய பிளாஸ்டிக் துளையில் திருகைப் போடும்போது முதலில் இடப்பக்கம் சுற்றுங்கள். ‘டக்’ என்று பழைய மரையில் உட்கார்ந்த பிறகு வலப்பக்கம் இறுக்குங்கள்.

இதை அவனையே கட்டுரையாக எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமும் ‘பிறகு’ என்று தொடங்கியது. ‘ஏனெனில்’ ஓர் இடத்தில்கூட இல்லை. டயர் மட்டும் இன்னும் பழசேதான் ஓடுகிறது.