கல் விழுந்த திருவோடு



காவிரி கடலோடு கலக்குமிடத்தில் பூம்புகார் இருக்கிறது. ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்திலும், 1991 முதல் நாகை மாவட்டத்திலும் இருந்த அவ்வூர், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. காவிரிப்பூம்பட்டினம் என்னும் அதன் பழைய நகரத்தைக் களமாகக் கொண்டது, சீத்தலைச் சாத்தனார் இயற்றிய 'மணிமேகலை'. ஏட்டுச் சுவடிகளில் கிடந்த இக்காப்பியத்தை, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு அச்சேற்றினார்.

இது பௌத்த நூல். இதில் வரும் தெய்வக் காட்சிகளும் மறுபிறப்பும் நம் ஈமானுக்கு உரியவை அல்ல. ஆயினும், இதில் வரும் ஆபுத்திரன் என்னும் கற்பனை மாந்தன், நம் இல்லங்களையும் மதரஸாக்களையும் நோக்கி ஒரு கேள்வியை எழுப்புகிறான். அதை எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

சிரிப்பு என்னும் கேடயம்

வாரணாசியிலிருந்து குமரிக்கு வந்த சாலி என்னும் பெண், தான் ஈன்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் விட்டுச் செல்கிறாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. அவ்வழியே வந்த இளம்பூதி என்னும் அந்தணர், இவன் பசுவின் மகனல்லன், தம் மகனே என்று மகிழ்ந்து எடுத்துச் சென்று வளர்க்கிறார், வேதமும் கற்பிக்கிறார்.

சிறுவன் வளர்ந்தபின், வேள்வியில் பலியிடக் கட்டியிருந்த பசு ஒன்றை இரவில் அவிழ்த்துக் கொண்டுபோய் அகப்படுகிறான். ஊரார் அடிக்கின்றனர். அவன் பிறப்பை அறிந்த ஒருவர் அதை அவையில் சொல்லி இழிவுபடுத்துகிறார். ஆபுத்திரன் அழவில்லை, சிரிக்கிறான். பசுவுக்கும் மானுக்கும் புலிக்கும் நரிக்கும் பிறந்தவராகச் சொல்லப்படும் முனிவர்களை நீங்கள் போற்றவில்லையா என்று திருப்பிக் கேட்கிறான். வாதத்தில் அவன் வென்றிருக்கலாம். ஆனால் வீட்டை இழந்தான். 'என் மகன்' என்று எடுத்து வளர்த்த அதே தந்தை அவனை வெளியேற்றினார். அவன் பிச்சையேற்ற ஊர்களிலெல்லாம், பசுவைத் திருடியவன் என்று கூறி அவன் ஓட்டில் கல்லைப் போட்டார்கள்.

ஒதுக்கப்பட்ட பிள்ளையை இத்துணை நுட்பமாகக் காட்டுவது எளிதன்று. புண்பட்ட மனம் எப்போதும் அழுதுகொண்டிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் அது சிரிப்பையும் கூர்மையான மறுமொழியையும் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறது. நாமோ அதைத் திமிர் என்கிறோம்!

கையில் வந்த பொறுப்பு

மதுரை சென்ற ஆபுத்திரன், இரந்து பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், நோயாளிகள் ஆகியோருக்கு முதலில் ஊட்டி, எஞ்சியதையே தான் உண்கிறான். இரவில் அந்த ஓடே அவனுக்குத் தலையணை. மழை பெய்த ஓர் இருண்ட இரவில், வழிநடைப் பயணிகள் பசியோடு வந்து நிற்கிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அன்று அவன் சிரிக்கவில்லை; கலங்கினான். எடுக்க எடுக்கக் குறையாத 'அமுதசுரபி' அப்போதுதான் அவன் கைக்கு வந்ததாகக் கதை சொல்கிறது.

கவனியுங்கள், அவனை மாற்றியது பிறர் காட்டிய இரக்கமன்று. "நீ பலருக்கும் ஊட்டத் தக்கவன்" என்னும் நம்பிக்கை, ஒரு பாத்திர வடிவில் அவனிடம் ஒப்படைக்கப்பட்டது. கல் விழுந்த கையிலிருந்து சோறு பிறந்தது.

பின்னர் மழை பொழிந்து நாடு செழித்தது. அவனிடம் உண்ண வருவாரில்லை. பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்கிய அவனை, அறியாமல் விட்டுவிட்டு மரக்கலம் போய்விட்டது. கையில் வற்றாத உணவு. அருகில் உண்பதற்கு ஓர் உயிருமில்லை. தனக்கு மட்டும் சோறிடும் பாத்திரம் எதற்கு என்று அதைப் பொய்கையில் விட்டு, உண்ணாமல் உயிர் நீத்தான். உயிரை மாய்த்துக்கொள்வது நம் மார்க்கத்தில் ஆகாது. ஆயினும், தனிமைப்பட்டவனின் தேவை வயிற்றோடு முடிவதில்லை என்னும் உண்மையை இங்கே காண்கிறோம். கூட இருந்து உண்ண ஆள் வேண்டும்.

அப்பாத்திரமே பிற்பாடு மணிமேகலையின் கையில், காவிரிப்பூம்பட்டினத்தின் பசியைத் தீர்த்தது.

மார்க்கம் காட்டும் வழி

ஆபுத்திரனை வருத்திய கேள்வி, "நீ யார் மகன்?" என்பதே. திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம் 5ஆம் வசனம் இதற்கு விடையளிக்கிறது: வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும்; தந்தையர் யாரென்று தெரியாவிடில், அவர்கள் நமக்கு மார்க்கச் சகோதரர்கள், நேசர்கள். தந்தை பெயர் அறியாதவனுக்கும் உறவு ஒன்றை இறைவனே வகுத்துவிட்டான். அதைப் பறிக்க நாம் யார்?

ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழித்துப் பேசிய அபூதர் (ரலி) அவர்களை, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறதென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அடிமையாக விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்களை, இருபதை ஒட்டிய வயதிலேயே, மூத்த தோழர்களும் இருந்த படைக்குத் தளபதியாக்கினார்கள். இரக்கத்தைத் தாண்டிய நம்பிக்கை இது.

நம் நிலை என்ன?

மதரஸாவில் புதிதாகச் சேரும் அநாதைச் சிறுவனைப் பாருங்கள். தகரப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொள்வான். கேட்டதற்கு ஒரு சொல்லில் விடையளிப்பான். அல்லது எதற்கும் சிரிப்பான். நன்கொடையாளர் வரும்போது "இவன் எத்தீம்" என்று அவனை முன்னே நிறுத்துவது, அவன் ஓட்டில் நாம் போடும் கல்லன்றோ? அடையாளமே அவமானமாகிவிட்டால், அவன் எங்கே வேர் விடுவான்?

ரமளானில் பள்ளிவாசல் வாயிலில், வரிசையாக நீளும் தூக்குவாளிகளில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறோமே, அந்த அகப்பையை ஒருநாள் அவனிடம் கொடுங்கள். இளம் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லித்தரும் பொறுப்பைக் கொடுங்கள். விருந்தில் உங்கள் சஹனில் அவனை உட்கார வையுங்கள். நாட்கள் செல்லும், பெட்டி ஒருநாள் பூட்டாமலே கிடக்கும். அன்று அவனிடம் ஒன்றும் கேட்காதீர்கள்.

மார்க்கத்தைப் புதிதாகத் தழுவிய சகோதரர்களுக்கும் இது பொருந்தும். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்க இடம் தருகிறோம். சம்பந்தம் பேசும்போது மட்டும் பூர்விகம் விசாரிக்கிறோம். இளம்பூதியின் வாசற்கதவு நம் வீட்டிலும் இருக்கிறது. அதைத் திறந்து வைக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.