ஜீப்பின் அடியில் புதிய சத்தமா? பிரிக்கும் முன் கவனியுங்கள்

நெல்லியாளம், பந்தலூர், தேவாலா பகுதிகளில் பசுந்தேயிலையைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லப் பழைய ஜீப்பை நம்பியிருக்கும் சிறு விவசாயிகள் பலர். பறித்த இலை அன்றே தொழிற்சாலை சேராவிட்டால் சாக்கிலேயே சூடேறிச் சிவந்து தரம் கெடும். ஆகவே ஜீப் நின்றால் இலையும் நஷ்டம். ஆனால் புதிய சத்தம் கேட்டவுடன் கியர் பாக்ஸையே பிரிப்பது வீண் செலவு. கேளாதது போல் ஓட்டுவதோ ஆபத்து. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே பழுதான இடம் பெருமளவு புலப்படும்.

எஞ்சினின் சக்தி கிளட்ச், கியர் பாக்ஸ் வழியாக டிரான்ஸ்பர் கேஸுக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு புரொப்பெல்லர் ஷாப்ட்கள் அதை முன், பின் ஆக்சில்களுக்குக் கொண்டு செல்கின்றன. சோதனையையும் இதே வரிசையில் செய்ய வேண்டும்.

நிற்கும்போது

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓட விடவும். கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றால் குறை கியர் பாக்ஸில் இருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சத்தமே இல்லாமல், ஓடும்போது மட்டும் வந்தால் டிரான்ஸ்பர் கேஸையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் சோதிக்க வேண்டும்.

ஓடும்போது

மெதுவாகச் செல்கையில் ‘கிரீச், கிரீச்’ என்று சீராகக் கேட்டால் ஷாப்ட் கிராஸ்களில் கிரீஸ் வறண்டிருக்கலாம். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை புதிய கிரீஸ் அடிக்கவும். வண்டி கிளம்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ‘டொக்’ என்று இடித்தால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். அல்லது ஷாப்ட் போல்ட்கள் தளர்ந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளையிட்டால் கிரவுன், பினியனைச் சந்தேகிக்கலாம். வலப்பக்க வளைவில் இரைச்சல் கூடினால் இடப்பக்கச் சக்கர பேரிங்கைப் பார்க்க வேண்டும். தார் ரோட்டில் கேட்டு மண் ரோட்டில் நின்றுவிடும் இரைச்சல் பெரும்பாலும் டயரினுடையது.

நான்கு சக்கர இயக்கத்தில்

முன் ஆக்சில் லீவரைப் போட்டால் மட்டும் சத்தம் வந்தால் முன் ஷாப்ட், முன் ஆக்சில் பக்கம் தேட வேண்டும். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் நல்ல வண்டியும் வளைவில் முறுக்கிக்கொண்டு முனகும். வளைவில் முன், பின் சக்கரங்கள் ஓடும் தூரம் வேறுபடுவதே காரணம். சேறு கடந்ததும் லீவரை விடுவிக்க வேண்டும். லீவர் இறுகியிருந்தால் சிறிது தூரம் நேராகப் பின்னுக்கு எடுத்தால் இளகும்.

இறக்கத்தில் டிரான்ஸ்பர் கேஸின் ஹை-லோ லீவர் தானாக ‘டப்’ என்று கழன்று நியூட்ரலுக்கு வந்தால் தாமதிக்காமல் பழுது பார்க்க வேண்டும். எஞ்சினின் பிடி போய், சுமை முழுவதும் பிரேக் மீது விழும்.

எண்ணெய் சொல்லும் செய்தி

மழைக்காலத்தில் ஓடைகளைக் கடந்த பின் எண்ணெயைப் பார்ப்பது நல்லது. பால் நிறமானால் தண்ணீர் புகுந்துள்ளது. உடனே மாற்ற வேண்டும். விரலில் தேய்க்கும்போது இரும்புத் துகள் மின்னினால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. அளவு குறைந்தாலும் சத்தம் வரும்.

எச்சரிக்கை

பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால் ஷாப்டைப் பிடிக்கிறது. அங்குள்ள ஆயில் சீல் ஒழுகினால் பிரேக் வழுக்கும். பின் ஷாப்டைக் கழற்றினாலும், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலும் அந்த பிரேக் வண்டியை நிறுத்தாது. ஆகவே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைக்காமல் எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டி விட்டுச் சத்தம் பார்ப்பதும் கூடாது.

கவனித்ததை ஒரு தாளில் குறித்து மெக்கானிக்கிடம் சொன்னால், கிராஸ் ஒன்றை மாற்றினால் தீரும் குறைக்காகக் கியர் பாக்ஸைப் பிரிக்க நேராது.