மலை நகர்கிறதா? அங்குலக் கணக்கில் அளந்து சொல்லுகிறார்கள்!

விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலை ஏறுகின்றன. ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் ஆண்களும் பெண்களும் அவற்றில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மழைக்காலம் வந்துவிட்டால், ஜீப் திரும்பும் வரை வீட்டில் இருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டது, மண் சரிந்தது என்று செய்தி வருகிறதே!

மண் சரியப் போவதை முன்கூட்டியே அறிய முடியுமா? ஓரளவு முடியும். பல சரிவுகள் ஒரே நாளில் உண்டாவதில்லை. மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாமல் மண் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வைத்தான் அளக்கிறார்கள்.

கோபுரத்தில் மோதிய கருவி

நம் நாட்டில் நிலத்தை மிக நுட்பமாக அளக்கும் பெரிய வேலை சென்னையில்தான் ஆரம்பமாயிற்று. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி, பரங்கிமலை அருகே லாம்டன் துரை அதைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் கருவியின் எடை அரை டன்! 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நசுங்கியது. துரை மனம் தளரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தாமே சரிசெய்தார்.

ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சரியாகக் குறித்துவிட்டால், பிறகு மறுபடி அளந்து, அது நகர்ந்ததா என்று சொல்லலாம் அல்லவா?

இன்று கோபுரம் ஏறத் தேவையில்லை. பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. தரையில் தூண் நட்டு, அதன்மேல் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்துகிறார்கள். நாள்தோறும் கணக்கு எடுத்தால், சில மில்லிமீட்டர் நகர்வுகூடத் தெரிந்துவிடும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கு ஆண்டுக்குச் சுமார் 2 அங்குலம் வடகிழக்கே போகிறது! பயப்பட வேண்டாம். இந்தியா முழுவதுமே அப்படித்தான் போகிறது. ஓடும் பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து போவது போல. ஆனால் கெட்டிப் பாறையில் ஒரு தூணும் சரிவில் ஒரு தூணும் நட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறினால்தான் விபரீதம். சரிவு தனியே இறங்குகிறது என்று பொருள்.

பெட்டிமுடி இரவு

ஆனால் இந்த அளவை மட்டும் போதாது. 2020 ஆகஸ்ட் 6-ந் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளரின் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர்கள். செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. இம்மாதிரிச் சரிவு நிமிஷத்தில் வந்துவிடும். ஆகவே மழையின் அளவையும், மண்ணுக்குள் ஊறிய நீரின் அழுத்தத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தார் அப்படிப்பட்ட கருவிகளைப் பூமிக்குள் இறக்கியிருக்கிறார்கள். 2009 மழைக்காலத்தில் அவை எச்சரிக்கை கொடுத்தன.

கருவி இல்லாத ஊரில்?

வீட்டுக்கு மேலே சரிவில் வெடிப்பு கண்டால், அதன் இரு பக்கமும் ஆளுக்கு எட்டும் இடத்தில் ஒரு முளை அடிக்கலாம். நடுவிலுள்ள தூரத்தை நாடாவால் அளந்து, தேதியோடு எழுதி வைக்கலாம். மழை கொட்டும்போது மேட்டுக்குப் போய் அளக்கக் கூடாது. தூரம் கூடினாலும், மரமும் கம்பமும் சாய்ந்தாலும், ஊற்று நீர் திடீரென்று கலங்கினாலும் வீட்டைவிட்டு உடனே விலகிவிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எண் 1077.