டீசலும் உறையும்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட இறங்காது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் எடுப்போம். லடாக்கில், திராஸ், கார்கில் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதே தொல்லை டீசலில்.

டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற அது பொடிப்பொடியாகப் பிரியும். முதலில் டீசல் கலங்கும், அப்புறம் அந்தத் துகள்கள் ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், காலையில் வண்டி பல நேரம் கிளம்பிவிடும்! குழாயில் மிச்சமிருக்கும் டீசலில் கொஞ்ச தூரம் ஓடும். பிறகு இழுவை குறைந்து, இரண்டு குலுங்கு குலுங்கி, நடுவழியில் நின்றுவிடும். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் உறைந்த நெய் மாதிரி அப்பியிருக்கும்.

டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டுகிற லாரி டிரைவர்கள் உண்டு. கேட்கவே பதறுகிறது. சிலர் மண்ணெண்ணெய் கலப்பார்கள். உறைவது தள்ளிப்போகும்தான், ஆனால் டீசலின் வழவழப்பு அதில் இல்லை. பம்ப் சீக்கிரம் தேயும்.

2019 நவம்பரில் லடாக்குக்கென்றே குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது இந்தியன் ஆயில். பானிப்பட் ஆலையில் தயாரானது. மைனஸ் 33 டிகிரி வரை இளகியே இருக்கும். ஆனால் மெழுகு கட்டுவதற்கு முன்பே அது டேங்கில் இருக்க வேண்டும்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குக் குளிரில் பேட்டரி கவலை!