சிசுவின் இரத்தத்தில் ஒரு புதிர்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றின் ஆயுளும் சுமார் 120 நாட்கள்தாம். அப்படியானால், அழிந்துபோகும் அணுக்களை ஈடுசெய்ய ஒரு வினாடிக்கு எத்தனை புதிய அணுக்கள் பிறக்க வேண்டும்? பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 இலட்சத்துக்கும் மேல் வரும். நீங்கள் தேர்வு எழுதும்போதும், பந்து விளையாடும்போதும், உறங்கும்போதும் இந்த உற்பத்தி எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது.

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்பணு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு, காயம்பட்ட இடத்தில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு ஆகிய மூன்றும் ஒரே வகையான மூல அணுவிலிருந்தே தோன்றுகின்றன. கனடாவின் டொரண்டோ நகரில் டில், மக்கல்லாக் என்ற இரு விஞ்ஞானிகள் 1961-ஆம் ஆண்டில் இதற்கு வழிகாட்டும் சோதனையை வெளியிட்டனர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, நலமான சுண்டெலிகளின் மஜ்ஜையை ஊசி மூலம் செலுத்தினர். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபோது மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றியிருந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றை அணுவின் வழித்தோன்றல் என்பது பின்னர் உறுதியாயிற்று.

மூல அணுவில் உள்ள அதே டி.என்.ஏ.தான் அதன் வழித்தோன்றல்களிலும் இருக்கிறது. பிறகு ஒன்று சிவப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் ஆவது எப்படி? ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஆர்மோனியத்திலும் கட்டைகள் ஒன்றேதான். எந்தக் கட்டையை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாட்டு அமைகிறது. ஜீன்களும் அத்தகைய கட்டைகளே. அவற்றை அழுத்தும் விரல்களாகச் சில புரதங்கள் வேலை செய்கின்றன.

சிவப்பணுவை உருவாக்கும் முக்கியமான விரல், காட்டா-1 என்னும் புரதம். டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என்பது உங்களுக்குத் தெரியும். அவற்றில் ஜி-ஏ-டி-ஏ என்ற வரிசை வரும் இடங்களைத் தேடிப் பற்றிக்கொள்வதால் இதற்கு அந்தப் பெயர் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் ஆராய்ந்துவரும் மூலக்கூறு உயிரியலறிஞர் ஸ்டூவர்ட் ஆர்க்கின், இந்தப் புரதத்தின் ஜீனை 1989-இல் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர். 1991-இல் அவரது குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். காட்டா-1 ஜீன் சிதைக்கப்பட்ட அணுக்களைச் சுண்டெலியின் இளங்கருவில் கலந்து வளர்த்தனர். பிறந்த எலிகளின் பல உறுப்புகளில் அந்த அணுக்களின் வாரிசுகள் இருந்தன, வெள்ளையணுக்களிலும் இருந்தன. முதிர்ந்த சிவப்பணுக்களில் மட்டும் அவை இல்லை! காட்டா-1 இன்றேல் சிவப்பணு இல்லை என்பது ஐயமின்றித் தெரிந்தது.

இனிப் புதிருக்கு வருவோம்.

சிவப்பணுவின் உள்ளே நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின், நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. வளர்ந்தவர்களிடம் அவை இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆனால் தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவிடம் பீட்டாவுக்குப் பதிலாகக் காமா என்ற சங்கிலி உள்ளது. தாயின் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ள வேண்டுமல்லவா? அதற்கேற்ப, காமா உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை இன்னும் இறுகப் பற்றுகிறது. குழந்தை பிறந்தபின் காமா ஜீன் மெல்ல ஓய்ந்து, பீட்டா ஜீன் தலையெடுக்கிறது. ஓராண்டுக்குள் மாற்றம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. காமா ஜீன் அழிவதில்லை; உங்கள் அணுக்களிலும் அது உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பீட்டா ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினால் வரும் கொடிய நோய்தான் அரிவாள் அணுச் சோகை. பிராணவாயுவை விட்டவுடன் ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகி, வட்டமான அணுவை அரிவாள் போல் வளைத்துவிடுகின்றன. அவை மெல்லிய குழாய்களை அடைக்கின்றன. தாங்கமுடியாத வலி உண்டாகிறது; சிறுகச்சிறுக உறுப்புகள் பழுதாகின்றன.

ஆனால் இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கிறார்கள். ஏன்? நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-இலேயே இதை ஊன்றிக் கவனித்து, சிசு ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று கருதினார். ஜீன் என்பது எதனால் ஆனது என்பதே தெளிவாக ஏற்கப்படாத காலம் அது! என்னைக் கேட்டால், இந்தக் கதையில் அதிகம் பேசப்பட வேண்டியவர் அவரே. சிலர் வளர்ந்த பிறகும் இயற்கையாகவே காமா ஓயாமல் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்கு அரிவாள் அணுச் சோகை வந்தாலும் கடுமை குறைவாக இருப்பதும் பின்னர் தெரியவந்தன.

உறங்கும் காமாவை எழுப்பினால் போதும். ஆனால் உறங்கவைப்பது எது? இதற்கு விடை காணப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2007, 2008-ஆம் ஆண்டுகளில், மலேசியாவில் பிறந்த ஸ்வீ லே தெய்ன் அம்மையார் உள்ளிட்டோர் ஏராளமான மக்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பி.சி.எல்.11ஏ என்ற ஜீன் மீது ஐயம் விழுந்தது. அது வெள்ளையணு ஆராய்ச்சியில் அறிமுகமான ஜீன். ஹீமோகுளோபினோடு அதை யாரும் முடிச்சுப் போட்டதில்லை. 2008-இல் ஆர்க்கினின் ஆய்வுக்கூடத்தில் விஜய் சங்கரன் என்ற மாணவர், சிவப்பணுவின் முன்னோடிகளில் இப்புரதத்தைக் குறைத்துப் பார்த்தார். காமா விழித்துக்கொண்டது! 2011-இல் அரிவாள் அணு நோயுள்ள சுண்டெலிகளின் சிவப்பணு இனத்தில் இந்த ஜீனை நீக்கியபோது நோய் அகன்றது.

ஆயினும் ஒரு தடை. பி.சி.எல்.11ஏ மூளை வளர்ச்சிக்கும் வெள்ளையணுக்களுக்கும் தேவை. அதை அடியோடு அழித்தால் மூல அணுக்களும் கெடும். ஒரு வீட்டில் ஓர் அறையின் விளக்கை மட்டும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தால் வீடே இருண்டுவிடும் அல்லவா?

அந்த அறைக்குரிய சுவிட்சு 2013-இல் அகப்பட்டது. அந்த ஜீனுக்குள்ளேயே, புரதத்துக்கான குறிப்பு எதுவும் இல்லாத ஒரு பகுதியில் அது இருந்தது. சிவப்பணு இனத்தில் மட்டும் பி.சி.எல்.11ஏ-யைத் தூண்டுவது அதன் வேலை. அந்தச் சுவிட்சை அழுத்தும் விரல் எது தெரியுமா? நாம் முன்பே சந்தித்த காட்டா-1! அது பற்றிக்கொள்ளும் அந்தச் சில எழுத்துகளைக் கலைத்துவிட்டால், சிவப்பணுவில் மட்டும் பி.சி.எல்.11ஏ குறையும், காமா எழும்.

கலைப்பதற்குக் கருவியும் வந்து சேர்ந்தது. கிறிஸ்பர் எனப்படும் ஜீன் கத்தரியை 2012-இல் விளக்கிய ஷார்பென்டியே, டவுட்னா இருவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். நோயாளியின் மூல அணுக்களை வெளியே எடுத்து, அந்த ஓரிடத்தை வெட்டி, அவருக்கே திருப்பிச் செலுத்தும் சிகிச்சை 2019-இல் சோதனையாகத் தொடங்கியது. போதிய காலம் கவனிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர் குறைந்தது ஓராண்டு கடும் வலி நெருக்கடி ஏதுமின்றி இருந்தனர். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி அளித்தன. கிறிஸ்பர் முறையில் அமைந்த சிகிச்சைகளில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை இதுவே. தெய்னும் ஆர்க்கினும் 2024-இல் ஷா பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இச்சிகிச்சை எளிதன்று. திருத்திய அணுக்களுக்கு இடம் கிடைக்க, பழைய மஜ்ஜையைக் கடுமையான மருந்தால் முதலில் அழிக்க வேண்டும்; பிள்ளைப் பேற்றுத் திறனும் பாதிக்கப்படலாம். விலையோ அமெரிக்காவில் 22 இலட்சம் டாலர்!

அரிவாள் அணு நமக்கும் அயலானதன்று. லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்களிடையே இதைக் கண்டறிந்து வெளியிட்டனர். இந்தியாவில் இதுபற்றி வந்த முதல் அறிக்கைகளுள் அதுவும் ஒன்று. மத்திய இந்தியாவின் பழங்குடிகளிடையே நோய் இன்னும் பரவலாக உள்ளது. 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கம் 7 கோடிப் பேரின் இரத்தத்தைச் சோதிக்கத் திட்டமிட்டது. மலைக்கிராமத்துச் சிறுவனுக்குப் பாஸ்டன் சிகிச்சை எட்டாது. அவனுக்கு இப்போது கைகொடுப்பது ஹைட்ராக்சியூரியா என்னும் மலிவான மாத்திரை. அதுவும் சிசு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவில் அன்று.

மஜ்ஜையை அழிக்காமல், நாளுக்கொரு மாத்திரையாலேயே காமா ஜீனை நன்றாக எழுப்ப முடியுமா என்ற சோதனைகள் இப்போது நடந்துவருகின்றன.