உறைக்குள் ஒரு ஜாதகம்

ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தின் ஆயுதக் கூடத்தில் கண்ணைப் பறிப்பவை கைப்பிடிகள்தான். பச்சைக்கல், தங்கக் கம்பி வேலைப்பாடு, ரத்தினங்கள். உறைகளை யாரும் சட்டை செய்வதில்லை. உள்ளே மரம், மேலே வெல்வெட் அல்லது தோல். அது என்ன மரம், அதன் ரேகை எப்படி ஓடுகிறது என்று தக்காணத்துப் பிரபுக்கள் தலையை உடைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜாவா தீவில் கதையே வேறு. அங்கே கிரிஸ் என்னும் குத்துவாளை இடுப்பின் பின்புறம் செருகிக்கொள்வார்கள். அலகிலும் கோலங்கள் உண்டு. ஆனால் நாலு பேர் கண்ணில் படுவது உறையின் படகு வடிவ மேற்பகுதி. அதனால் அதன் மரத்தை மூடாமல் மெருகேற்றி விடுகிறார்கள். தீமோஹோ என்ற மரத்துக்குத் தனி மவுசு. வெளிர் மரத்தில் கரும் திட்டுகள் தாமாகவே ஓடும். ஒவ்வொரு திட்டு வடிவத்துக்கும் ஒரு பெயர், ஒரு பலன். அரைஞாண்போல் குறுக்கே சுற்றிவரும் பட்டைக்கு 'கெந்தித்' என்று பெயர். உடையவனைக் காக்கும் என்பது நம்பிக்கை. அலகு உறைக்குள் புகுவதை இறைவனோடு அடியவன் கலப்பதாகவும் சொல்வார்கள். இந்தோனேஷிய கிரிஸை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது.

ரேகை பார்க்கும் பழக்கம் தக்காணத்திலும் இல்லாமல் இல்லை. உறையில் அல்ல, உருக்கில். தெலங்கானாவின் கோனசமுத்திரத்தில் இரும்பைக் கரிப்பொருளோடு மண் மூசையில் அடைத்து, உருக்கி, மெதுவாக ஆறவிட்டார்கள். அந்தக் கட்டியைப் பக்குவமான சூட்டில் அடித்து வாளாக்கி, அமிலச் சத்துள்ள நீர் பூசினால் நீரோட்டம்போல் ரேகை எழும். வாளுக்கான எஃகு கோல்கொண்டாவிலிருந்து பாரசீகம் போனதை 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு வைர வியாபாரி தவெர்னியே எழுதிவைத்தார். இரும்பில் இருந்த துளி வனேடியம் போன்ற உலோகங்களே இந்த வரிகளுக்குக் காரணம் என்று 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள்.

பாரசீகர்கள் இந்த ரேகைக்கு வைத்த பெயர் 'ஜவ்ஹர்'. ரத்தினம் என்றும் பொருள். நம் தச்சர்கள் முற்றிய மரத்தை 'வைரம் பாய்ந்தது' என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது. அலகின் குறுக்கே ஏணிப்படிபோல் வரிகள் விழுந்தால் 'நாற்பது படி'. நபிகள் விண்ணேறிய ஏணி என்று அதற்கு விளக்கம் சொன்னவர்களும் உண்டு. படிகள் தாமாக விழுந்தவை அல்ல. கொல்லன் அலகில் பள்ளம் வெட்டி, மறுபடி அடித்துச் சமன் செய்து வரவழைத்தவை.

ஜாவாவில் உறை நைந்தால் இன்றும் புது மரத்தில் செய்துகொள்ளலாம். கோனசமுத்திரத்து உலைகள் அணைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. மிஞ்சிய பழைய வாள்களுக்குத் துரு மட்டுமல்ல, பளபளப்பு ஆசையும் எதிரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ரேகை மறைந்துவிடும். மீண்டும் அமிலம் பூசி எழுப்பலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அலகு கொஞ்சம் தேய்கிறது.