மாட் எழுத எந்த எடிட்டர் நல்லது?

"ஃபேக்டோரியோவுக்கு மாட் எழுதணும், ஃப்ரீயா எந்த எடிட்டர் போடலாம்?" இதுதான் இன்னைக்குக் கேள்வி. முதல்ல என் கதையைச் சொல்லிடறேன்.

ஃபேக்டோரியோ மாட்களை லுவா மொழியில்தான் எழுதணும். என் முதல் மாட்டை நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்ல எழுதினேன். கேம் ஓடுச்சு, எரர் எதுவும் வரல, ஆனா மாட் ஒண்ணுமே செய்யல. ரெண்டு ராத்திரி தேடினேன். கடைசியில பார்த்தா, ஒரு வேரியபிள் பெயரில் ரெண்டு எழுத்து இடம் மாறியிருந்தது.

லுவாவில் இல்லாத பெயரை எழுதினால் அது சண்டை போடாது. 'நில்', அதாவது ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கும். இஃப் கண்டிஷனில் நில் வந்தால் பொய்னு அர்த்தம். அதனால உள்ளே இருந்த வரிகள் ஓடவே இல்லை.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் கலர் காட்டும், பெயர் சரியான்னு பார்க்காது. விஎஸ் கோடில் லுவா லாங்வேஜ் சர்வர் எக்ஸ்டென்ஷன் போட்டால், தெரியாத பெயரை டைப் பண்ணும்போதே அடிக்கோடிட்டுக் காட்டிடும். கூடவே ஃபேக்டோரியோ மாடிங் டூல் கிட் போட்டால், கேமோட ஃபங்ஷன் பெயர்களை அதுவே எடுத்துக் கொடுக்கும். பிரேக்பாயிண்ட் வச்சு நடுவுல நிறுத்தியும் பார்க்கலாம். எல்லாமே இலவசம்.

ஒரு குறை: விஎஸ் கோடு எலக்ட்ரான்ல கட்டினது, ரேம் நிறைய தின்னும். பழைய லேப்டாப்பில் ஒரு நம்பரை மட்டும் மாத்தணும்னா நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் தாராளமா போதும்.

ஆனா ஸ்கிரிப்ட் எழுதப் போறீங்கன்னா, தீம் அழகா இருக்கான்னு அப்புறம் பாருங்க. உங்க கேமோட மொழி அந்த எடிட்டருக்குப் புரியுதான்னு முதல்ல பாருங்க. என் ரெண்டு ராத்திரி உங்களுக்கு மிச்சம்.